கதை சொல்லும் வேகம்

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு யூஜினாவின் அப்பா சிவப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தோட்டத்து வரிசைவீடான லயத்தின் வாசலில் வந்து நின்றார். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடம் நிரம்பி வழிவதைக்கூட மறந்துவிட்டார்கள்.

அப்படி ஒரு சிவப்பு! டயகம மலையெல்லாம் மூடுபனியில் மறைந்திருந்த அந்த நேரத்திலும் சப்பாத்து இரண்டும் பழுத்த தக்காளி போலத் தெரிந்தன.

“ஐவி, நேரத்த பாத்துக்க. ஸ்டோர் வரைக்கும் ஓடிட்டு அரை மணி நேரத்துல வந்துர்றேன்” என்றார் அப்பா, அம்மாவிடம்.

ஸ்டோர் என்றால் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. போக இரண்டு கிலோமீற்றர், வர இரண்டு கிலோமீற்றர்.

“கொஞ்சம் மெதுவா போங்க” என்றார் அம்மா.

“மெதுவாவா? ஸ்கூல்ல படிக்கிறப்ப ஆயிரத்து ஐந்நூறு மீற்றர்ல மூணு வருசம் நான்தான் ஃபர்ஸ்ட். தெரியுமா?”

அம்மாவுக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும்.

அப்பா ஒரு காலை முன்னே வைத்தார். தானே “ரெடி” சொன்னார், தானே “கோ” சொன்னார், பாய்ந்தார்.

பக்கத்து வீட்டு வேலாயி பெரியம்மா பதறிப்போய் எழுந்தார். “என்ன தம்பி, குளவியா?”

அவர் கேட்டதில் தவறில்லை. அந்தத் தோட்டத்தில் பெரியவர்கள் ஓடி யாரும் பார்த்ததில்லை. கொழுந்து பறிக்கும் இடத்தில் குளவிக் கூடு கலைந்தால் மட்டும்தான் ஓடுவார்கள்.

யூஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் ஓடினாள். அவளுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் எட்டுப் பேர் ஓடினால் அவள் ஏழாவதாக வருவாள். அப்பாவை எட்டிப் பிடிக்க முடியாது என்றுதான் நினைத்தாள்.

மூன்றாவது வளைவிலேயே பிடித்துவிட்டாள். அங்கே சின்னப் பாலத்துச் சுவரில் அப்பா மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. சிவப்புச் சப்பாத்து இரண்டும் வானத்தைப் பார்த்தன.

“அப்பா! என்னாச்சு?”

“ஒண்ணு... மில்ல... புள்ள... சும்மா... மலைய... பாக்குறேன்.”

திரும்பி நடக்க அவரால் முடியவில்லை. அவருடைய ஆட்டோவோ லயத்தில் நின்றது. நல்லவேளையாக, பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் ஆட்டோ வந்தது. அப்பா பணிஸ் தட்டுகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

அங்கேதான் வினையே வந்தது. பாண் ஆட்டோவின் பாட்டைக் கேட்டால் லயமே வெளியே வரும். அன்றும் வந்தது. எல்லோரும் பாண் வாங்கினார்கள், பணிஸ் வாங்கினார்கள், ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் வீரர் இறங்குவதையும் பார்த்தார்கள்.

மூன்று நாள் அப்பாவால் படி இறங்க முடியவில்லை. ஆட்டோவில் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் “ஆ!” என்றார். நான்காம் நாள் சிவப்புச் சப்பாத்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

“ஓட்டமெல்லாம் நமக்கு சரிப்படாது” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். யூஜினா மட்டும் சிரிக்கவில்லை.

அப்பா ஏன் ஓடத் தொடங்கினார் என்பது அவளுக்குத் தெரியும். போன வாரம் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள்தான். டொக்டர் நோனா இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சீனி கொஞ்சம் கூடியிருக்கு. இப்போ மாத்திரை வேணாம். நாள் முழுக்க ஆட்டோவுல உக்காந்தே இருக்கிறீங்க. நல்லா நடங்க, ஓடுங்க. சாப்பாட்டையும் பாத்துக்கங்க. மூணு மாசத்துல திரும்ப வாங்க. குறையலைன்னா மாத்திரை தொடங்கணும்.”

பிறகு யூஜினாவைப் பார்த்து, “மகள், அப்பாவ பாத்துக்கங்க” என்றார்.

வேலாயி பெரியம்மாவின் வீட்டுக்காரருக்கும் சீனி வருத்தம்தான். கவனிக்காமல் விட்டுவிட்டார். காலில் வந்த புண் இரண்டு வருடமாக ஆறவில்லை. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அவரைப் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் யூஜினா பார்க்கிறாள்.

அப்பாவை எப்படியாவது ஓட வைக்க வேண்டும். ஆனால் எப்படி?

விடை திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கிடைத்தது.

சுதர்ஷினி அவளுடைய வகுப்புத் தோழி, அடுத்த லயத்துக்காரி. அன்று வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று இருவரும் மெதுவாக ஓடத் தொடங்கினார்கள். ஓடும்போதே சுதர்ஷினி, கணக்கு டீச்சரின் குடைக்குள் தவளை புகுந்த கதையைச் சொன்னாள். யூஜினா கேட்டாள், சிரித்தாள், நடுவில் கேள்வியும் கேட்டாள். கதை முடிந்தபோது இருவரும் லயத்து வாசலில் நின்றார்கள்.

“அட, வந்துட்டோமா!” என்றாள் சுதர்ஷினி.

யூஜினா அப்படியே நின்றுவிட்டாள். ஒன்றரைக் கிலோமீற்றர்! கால் வலிக்கவில்லை. விலா பிடிக்கவில்லை. மூச்சும் வாங்கவில்லை.

“சுதா, வா! பாலம் வரைக்கும் இன்னொரு தடவ ஓடுவோம். இப்ப வேகமா. அதே கதைய திரும்ப சொல்லு!”

“எதுக்குடி?”

“சொல்றேன், வா!”

வேகமாக ஓடினார்கள். சுதர்ஷினி, “டீச்சர்... குடைய... த... த...” என்றாள். தவளை குடைக்குள் வருவதற்கு முன்னால் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

“கண்டுபுடிச்சிட்டேன்!” என்று கத்தினாள் யூஜினா. “கதை சொல்ல முடிஞ்சா அதுதான் சரியான வேகம். சொல்ல முடியலைன்னா வேகம் கூடிப்போச்சு!”

கதை என்றால் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை. ஆட்டோவில் ஏறுகிறவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்த பிறகும் இறங்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அன்று மாலை அப்பா ஆட்டோ கழுவும்போது யூஜினா பக்கத்தில் போய் நின்றாள்.

“அப்பா, எனக்கு காலையில ஓடணும்னு ஆசையா இருக்கு.”

“ஓடு புள்ள. யாரு வேணாங்கிறா?”

“மாதா கெபி வளைவுல அந்த கறுத்த நாய் இருக்கே. தனியா போக பயமா இருக்கு. நீங்களும் வர்றீங்களா?”

நாய் இருப்பது உண்மை. அவளுக்குப் பயம் என்பதும் உண்மை. அப்பா கட்டிலுக்கு அடியில் இருக்கும் சப்பாத்தை நினைத்துக்கொண்டார்.

“எனக்கு கால்...”

“நான் மெதுவாத்தான் ஓடுவேன். ஒரு லைட் போஸ்ட் வரைக்கும் ஓடுவோம். அடுத்த போஸ்ட் வரைக்கும் நடப்போம். நீங்க கதை சொல்லிக்கிட்டே வந்தா போதும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். பனி முகத்தில் சில்லென்று பட்டது. தேயிலைச் செடிகளின் மேல் சிலந்தி வலைகள் வெள்ளைத் துணி காயப்போட்டது போலத் தொங்கின. அப்பா வழக்கம்போல முதல் எட்டிலேயே பாய்ந்தார்.

“அப்பா, கதை!”

“ஆங். ஒரு நாள் அக்கரப்பத்தனைக்கு ஒரு ஹயர் போனேனா. ரோட்டோரத்துல ஒரு ஆளு கை காட்டுறாரு. கையில ஒரு ஆடு...”

பேசத் தொடங்கியதும் அவருடைய கால் தானாகவே தணிந்தது. ஒரு போஸ்ட் ஓட்டம், ஒரு போஸ்ட் நடை. ஆடு ஆட்டோவில் ஏறியது. ஆடு ஹோர்னை அடித்தது. ஆடு முன்சீட்டுக்கு வந்தது. கறுத்த நாய்கூடக் குரைக்க மறந்து இருவரையும் பார்த்தது. மாதா சிலை நிற்கும் அந்தக் கெபியைத் தொட்டுவிட்டுத் திரும்பி லயத்துக்கு வந்தார்கள்.

“பெரிய வளைவுல பொலிஸ் நிக்கிறாங்க புள்ள! ஸ்டியரிங் பக்கத்துல ஆடு! பொலிஸ்காரர் கைய நீட்டி நிறுத்துறாரு! அப்ப நான் என்ன பண்ணேன்னா...”

“போதும்பா. இன்னைக்கி இவ்வளவுதான்.”

அப்பா அதிர்ந்துபோனார். “இப்பத்தானே முக்கியமான இடம்! இன்னும் ரெண்டு போஸ்ட் ஓடுவோம்!”

“நாளைக்கி காலுக்கு லீவு. மிச்சத்த வியாழக்கிழம சொல்லுங்க.”

சொல்ல வந்த கதையை விழுங்கிக்கொண்டு இருப்பது அப்பாவுக்குப் பெரும்பாடாக இருந்தது. புதன்கிழமை தேத்தண்ணீர் குடிக்கும்போது “அந்த ஆடு...” என்று ஆரம்பித்தார். யூஜினா காதைப் பொத்திக்கொண்டாள். வியாழக்கிழமை காலை யூஜினா எழுந்தபோது அப்பா ஏற்கெனவே சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

செவ்வாய், வியாழன், சனி. அதுவே வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது வாரம் சுதர்ஷினி வந்தாள். மூன்றாவது வாரம் யூஜினாவின் ஒன்பது வயதுத் தம்பி மிலான், “எனக்கு மட்டும் ஏன் கதை இல்ல?” என்று அழுதுகொண்டே ஓடிவந்து சேர்ந்தான். நான்காவது வாரம் வேலாயி பெரியம்மா சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு ரோட்டில் நின்றார்.

“நான் ஓடல. வேகமாத்தான் நடப்பேன். வேலைக்கு போக இன்னும் நேரம் இருக்கு. முந்தாநாள் பாதி கதைதான் காதுல விழுந்துச்சு, தூக்கமே வரல.”

அம்மா மட்டும் வரவில்லை. “நான் நாள் பூரா மலையில ஏறி எறங்குறேன். அது போதும். நீங்க எல்லாம் போனீங்கன்னா அந்த அரை மணி நேரம் வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா?”

ஓடும் தூரம் மெல்ல மெல்லக் கூடியது. நடக்கும் போஸ்ட்கள் குறைந்தன. மழை பெய்த நாள்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் வராந்தாவில் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். ஒருநாள் யாருக்கும் மனமில்லாதபோது பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்பினார்கள். “இதுவும் கணக்குத்தான்” என்றாள் யூஜினா. மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நிற்காமல் ஸ்டோர் வரை போய்விட்டார்கள்! வாட்ச்சர் ஐயா கேற்றைத் திறந்து கை தட்டினார். அப்பா சின்னப் பையனைப் போலக் குதித்தார்.

அப்போது பட்டிப்பொல மாப்பிள்ளையின் கதை நடந்துகொண்டிருந்தது. பட்டிப்பொல ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை, ஒன்பது மணிக்குக் கோயிலில் கல்யாணத்துக்கு நிற்க வேண்டும். அவரை ஏற்றிவரப் போன அப்பாவின் ஆட்டோ, நடுவழியில் பஞ்சர். மணி எட்டேகால். சுற்றிலும் மூடுபனி.

கதை அந்த இடத்தில் நின்றபோதுதான் மாயாண்டி வந்தார்.

மாயாண்டி அப்பாவோடு படித்தவர். மரக்கறி லொறி ஓட்டுகிறார். ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் மூன்று வருடமும் இரண்டாவதாக வந்தவர் அவர்தான். டயகம பஸாரில் அப்பாவின் ஆட்டோவுக்குப் பக்கத்தில் லொறியை நிறுத்தி, ஒரு நோட்டீஸை நீட்டினார்.

புத்தாண்டு விளையாட்டு விழா. மரதன் ஓட்டம், ஐந்து கிலோமீற்றர். வயது வித்தியாசம் இல்லை.

“என்னடா ஜூட்சா, இந்த வயித்த தூக்கிக்கிட்டு நீயும் ஓடுறியாமே?”

“உன் வயித்தவிட சின்னதுதான்டா.”

“அப்ப மரதனுக்கு வா. இந்த தடவ நீ ரெண்டாவது.”

அவ்வளவுதான். அப்பாவின் காது சிவந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பா யாருக்கும் காத்திருக்கவில்லை. அம்பு மாதிரிப் போனார். யூஜினாவும் மற்றவர்களும் பாலத்துக்கு வந்தபோது அவர் மூச்சு வாங்கத் திரும்பிக்கொண்டிருந்தார்.

“அப்பா, மாப்பிள்ளைக்கு என்னாச்சு?” என்று கேட்டான் மிலான்.

அப்பா கையை மட்டும் ஆட்டினார். பேச மூச்சில்லை.

புதன்கிழமையும் ஓடினார். வெள்ளிக்கிழமையும் ஓடினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னாலும் ஓடினார். மாலையில் முழங்காலில் தைலம் தேய்த்தார். யூஜினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, மரதன் ஒரே ஒரு நாள்தான். செவ்வாய்க்கிழம வருசம் பூரா வருதே.”

அப்பா தைலப் போத்தலை மூடினார். “இந்த ஒரு தடவ மட்டும் புள்ள. அந்த மாயாண்டிய முந்திட்டேன்னா, அதோட நிறுத்திர்றேன்.”

நிறுத்துவதா? அந்தச் சொல் யூஜினாவின் நெஞ்சில் கல் போல விழுந்தது.

புத்தாண்டு விளையாட்டு விழா அன்று டயகம மைதானம் அமளிப்பட்டது. ஒரு பக்கம் வழுக்கு மரம், ஒரு பக்கம் தலையணைச் சண்டை, ஒலிபெருக்கியில் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி அறிவிப்பு. மரதனுக்கு அறுபது பேர் நின்றார்கள். அப்பாவும் மாயாண்டியும் முதல் வரிசையில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். யூஜினா, சுதர்ஷினி, மிலான் மூவரும் கடைசி வரிசையில். அவர்களுக்கும் பின்னால், இப்போது மெல்ல ஓடவும் பழகிவிட்ட வேலாயி பெரியம்மா, சேலைக்குக் கீழே மகனுடைய கன்வஸ் சப்பாத்தோடு.

டுமீல்!

அப்பாவும் மாயாண்டியும் இளவட்டங்களோடு சேர்ந்து பறந்தார்கள். புழுதியில் சிவப்புச் சப்பாத்து ஒரு நொடி மின்னியது. பிறகு காணவில்லை.

“நாம நம்ம வேகத்துல போவோம்” என்றாள் யூஜினா. அவளுடைய இதயம் படபடவென்று அடித்தது. ஆனாலும் காலை அடக்கினாள். சுதர்ஷினி கதை சொன்னாள். ஒரு கிலோமீற்றர் போனது. இரண்டு போனது. பாய்ந்து போனவர்கள் ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். யூஜினாவின் கூட்டம் அவர்களை ஒவ்வொருவராகத் தாண்டியது!

“அக்கா, பதினோரு பேர முந்திட்டோம்!” என்று மிலான் துள்ளினான்.

மூன்றாவது கிலோமீற்றரில் ஏற்றம். ஏற்றத்தின் பாதியில், சவுக்கு மரத்தடியில், இரண்டு பேர் முழங்காலில் கை வைத்துக் குனிந்து நின்றார்கள். ஒருவர் மாயாண்டி. இன்னொருவர் அப்பா.

அப்பா நிமிர்ந்து யூஜினாவைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வியர்வை வழிந்த அந்த முகத்தில் அப்படி ஒரு வெட்கம்.

‘அப்பவே சொன்னேனே’ என்ற வார்த்தை யூஜினாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரோட்டோரத்தில் நின்ற சிலர் சிரிப்பதும் அவள் காதில் விழுந்தது. அவள் வார்த்தையை விழுங்கினாள். ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

“அப்பா, மாப்பிள்ளைய நடுரோட்டுல விட்டுட்டு வந்துட்டீங்களே. மணி எட்டேகால் ஆச்சு. அவரு எப்படி கோயிலுக்கு போனாரு?”

அப்பா அவளைப் பார்த்தார்.

“நடந்துக்கிட்டே சொல்லுங்கப்பா. அடுத்த போஸ்ட் வரைக்கும்.”

வேலாயி பெரியம்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அப்பாவும் மாயாண்டியும் மாறி மாறிக் குடித்தார்கள். எல்லோரும் நடந்தார்கள். அப்பாவின் மூச்சு மெல்லச் சீரானது.

“ஆட்டோ பஞ்சர்... மாப்பிள்ள அழுவுற மாதிரி நிக்கிறாரு. அப்ப பனிக்குள்ள ஒரு வெளிச்சம். பாத்தா, ஒரு லொறி! லொறி நெறைய லீக்ஸ்...”

“லீக்ஸ் இல்ல” என்றது பின்னால் ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். மாயாண்டி இடுப்பில் கை வைத்தபடி வந்துகொண்டிருந்தார்.

“லீக்ஸ் இல்லடா, முட்டைக்கோவா. அது என் லொறி. எனக்கு தெரியாதா?”

“லீக்ஸ்தான்! மாப்பிள்ளையோட கோட்டுல லீக்ஸ் வாசம் அடிச்சுச்சே!”

“அது முந்தின நாள் ஏத்துன லீக்ஸ்! அன்னைக்கி கோவா! உன் மாப்பிள்ள என் கோவா மூட்ட மேல உக்காந்துதான் போனாரு. ரெண்டு கோவா நசுங்கிப்போச்சு!”

“மாப்பிள்ளைய நீங்களா ஏத்துனீங்க?” என்று கத்தினாள் சுதர்ஷினி.

“வேற யாரு? இவன் சொல்லலியா?”

“சொல்லத்தானே வந்தேன்! நீ எங்கடா சொல்ல விட்ட?”

போஸ்ட் வந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். மெதுவான, பேசக்கூடிய ஓட்டம். அப்பா ஒரு வரி சொன்னால் மாயாண்டி அதைத் திருத்தினார். மாயாண்டி ஒரு வரி சொன்னால் அப்பா “புளுகுறான்!” என்றார். நடந்துகொண்டிருந்த வேறு சிலரும் என்ன சண்டை என்று கேட்க வந்து, கதையில் மாட்டிக்கொண்டு கூடவே ஓடினார்கள். ஏற்றம் முடிந்தது. ஸ்டோர் போனது. மாதா கெபி போனது. மாப்பிள்ளையின் தலையில் கோவா இலை ஒட்டியிருந்ததை மாயாண்டி நடித்துக் காட்டியபோது மிலான் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்கிவிட்டு மறுபடியும் ஓடினார்கள்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது அவர்கள் பதினேழு பேர்.

“ஒன்பது மணிக்கு சரியா கோயில் வாசல்ல எறக்குனேன்!” என்றார் மாயாண்டி.

“ஒன்பது பத்து!” என்றார் அப்பா.

“ஒன்பது!”

“ஒன்பது பத்துடா!”

ஒலிபெருக்கி அலறியது. “சிவப்புச் சப்பாத்துக்காரர், நில்லுங்க! ஓட்டம் முடிஞ்சிருச்சு! கோட்ட தாண்டிட்டீங்க!”

அப்போதுதான் எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். முடிவுக் கோடு பின்னால் வெகு தூரத்தில் கிடந்தது. மைதானமே எழுந்து நின்று சிரித்தது, விசில் அடித்தது. யார் முன்னால் கோட்டைத் தாண்டியது, அப்பாவா மாயாண்டியா? யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டொக்டர் நோனா புதிய தாளைப் பார்த்தார், பழைய தாளைப் பார்த்தார், மறுபடியும் புதியதைப் பார்த்தார்.

“குறைஞ்சிருக்கு! நல்லா குறைஞ்சிருக்கு. மாத்திரை வேணாம்.”

யூஜினாவுக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு நினைப்பு வந்தது. அப்பா ஓடியது சீனிக்காக. சீனி குறைந்துவிட்டது. பிறகு ஓடியது மாயாண்டிக்காக. அந்தச் சண்டையும் தீர்ந்துவிட்டது. ‘அதோட நிறுத்திர்றேன்’ என்றாரே!

நாளை செவ்வாய்க்கிழமை. அப்பாவிடம் கேட்போமா? வேண்டாம், விருப்பம் இருந்தால் அவரே வரட்டும். அதையே யோசித்துக்கொண்டு புரண்டு புரண்டு படுத்தவள், எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

கண் விழித்தபோது ஜன்னலில் நன்றாக வெளிச்சம் இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. அம்மா நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா! அப்பா எங்க?”

“இன்னும் படுத்துதான் இருக்கியா? எல்லாரும் போய் அஞ்சு நிமிசம் ஆச்சு. ‘புள்ள தூங்கட்டும்’னு உங்கப்பாதான் சொன்னாரு. அந்த லொறிக்கார மாயாண்டியும் வந்திருக்காரு.”

யூஜினா பாய்ந்து எழுந்தாள். சப்பாத்தில் காலை நுழைத்தாள், கயிற்றைக் கட்டினாள், ரோட்டுக்கு ஓடினாள். தூரத்தில் பனிக்குள்ளிருந்து அப்பாவின் குரலும் மாயாண்டியின் குரலும் மற்றவர்களின் சிரிப்பும் கேட்டன.

அவர்களையெல்லாம் ஓட வைத்தவள் அன்று கடைசி ஆளாக ஓடினாள். ஆனாலும் இரண்டாவது வளைவுக்குள் எட்டிப் பிடித்துவிட்டாள். பேசிக்கொண்டே ஓடுகிறவர்களைப் பிடிப்பதில் அப்படி ஒன்றும் சிரமம் இல்லை.